நீரோட்டம் நிற்கும் நாழிகை

முருகைக்கற்பாறை கடலடியில் அசையாது கிடக்கும் வெறும் கல்லாகவே கரையில் நிற்பவருக்குத் தோன்றினாலும், அந்தக் கல்லைக் கட்டியெழுப்பும் நுண்ணிய உயிரிகள் பிறந்து ஒட்டிய இடத்தைவிட்டு நகர இயலாதவை என்பதால், உணவையும் ஒட்சிசனையும் தம்மிடம் கொண்டுவரவும் கழிவைத் தம்மிடமிருந்து அகற்றவும் ஓடும் நீரையே பெரிதும் நம்பி வாழ்கின்றன. வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களுக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் உள்ள பாறைகளுக்குச் சோளகமும் வாடையும் எழுப்பும் அலைகளும், பருவத்துக்கேற்பத் திசை மாறும் நீரோட்டங்களும் அந்தப் பணியைச் செய்கின்றன. வீட்டின் கூடத்தில் வைக்கப்படும் முருகைத் தொட்டியிலோ, அதே பணி முழுவதும் ஒரு சிறு மின்பம்பியின் மீதும் சில முழ நீளப் பிவிசி குழாயின் மீதும் விழுகிறது. முதன்முறையாகத் தொட்டி அமைக்க முனைவோர் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்ற கேள்வியோடு திட்டத்தைத் தொடங்குவது வழக்கம். ஓட்டம் நின்றுபோனால் என்ன நேரும் என்ற கேள்வியோடு தொடங்குவதே முறை என்பதும், குழாய், பம்பி, கீழ்த்தொட்டி ஆகியவற்றின் அளவுகள் அனைத்தும் அந்த ஒரு கேள்விக்குரிய விடையிலிருந்தே பிறக்கின்றன என்பதும் இவ்வத்தியாயத்தில் காட்டப்படும்.

120 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் 50 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விளிம்புக்கு 3 சென்ரிமீற்றர் கீழே நீர்மட்டத்தை நிறுத்தி, கல்லும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் அதில் ஏறத்தாழ 300 லீற்றர் கடல்நீர் நிற்கும். அதன் அடியில், மேசைக்குள் மறைந்திருக்கும் கீழ்த்தொட்டியில் மேலும் 80 லீற்றர் இருக்கும். உவர்த்தன்மை, அதாவது ஓராயிரம் கிராம் நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, 35 கிராமாகவும் வெப்பநிலை 28 பாகை செல்சியசாகவும் இருக்கையில், காற்றோடு நன்கு கலந்த கடல்நீரின் ஒரு லீற்றரில் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 6.4 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே 380 லீற்றரிலும் சேர்த்து இருப்பது 2.4 கிராம், ஒன்பது லீற்றர் காற்றில், அதாவது ஒரு சிறு வாளி கொள்ளும் காற்றில், உள்ள ஒட்சிசனுக்கு அது சமம். மீன்களும் முருகை உயிரிகளும் மட்டுமன்றி, கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் அந்த ஒரு வாளியையே பகிர்ந்துகொள்கின்றன. வெளிச்சமற்ற இரவில் பாசிகளும் ஒட்சிசனை வெளிவிடுவதை நிறுத்திவிட்டுச் சுவாசிக்க மட்டுமே செய்வதால், விடிவதற்குச் சற்று முன்பே இருப்பு மிகக் குறைந்து நிற்கும். நீர் புரண்டு, மேற்பரப்புப் புதிதுபுதிதாகக் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை இந்தச் சிறு இருப்பே போதும். புரளல் நின்றால் தொட்டி தன் கையிருப்பை உண்ணத் தொடங்குகிறது.

திறந்த கடலே இந்தக் கணக்கில் தோற்றுப்போவதுண்டு. இரவில் ஒளிரும் தன்மையுடைய நொக்ரிலூக்கா என்னும் ஒருகல உயிரி 2008 ஒக்டோபரிலும் 2019 செப்டெம்பரிலும் மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையோரத்தில் பெருகிப் படர்ந்து, நீரைப் பச்சையாக்கி, ஒட்சிசனைத் தீர்த்ததில் மீன்கள் செத்துக் கரையொதுங்கின. வளைகுடா அளவுள்ள நீர்ப்பரப்பிலேயே இது நேருமாயின், 380 லீற்றர் நீருக்கு எவ்வளவு குறைந்த அவகாசம் கிடைக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கீழ்த்தொட்டி என்ற எண்ணம் நூற்றைம்பது ஆண்டு பழமையானது. இலண்டனில் 1871இல் திறக்கப்பட்ட கிறிஸ்ரல் பலஸ் காட்சிச்சாலையை வடிவமைத்த வில்லியம் அல்போர்ட் லொயிட், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கமொன்றைக் கட்டடத்தின் அடியில் இருட்டில் வைத்து, அங்கிருந்து நீரை இடையறாது மேலே ஏற்றி மீண்டும் கீழே வழியவிட்டார். இருட்டில் பாசி வளராது. பெரிய கொள்ளளவில் வெப்பம் மெல்லவே ஏறும். ஒரு தொட்டியில் நேரும் கேடு முழு நீரிலும் பரந்து நீர்த்துவிடும். இன்று மேசைக்கடியில் வைக்கப்படும் கீழ்த்தொட்டி, அளவில் சுருங்கிவிட்ட அந்த நீர்த்தேக்கமே. சுருங்கியதால் அதன் பாதுகாப்பும் சுருங்கிவிட்டது என்பதை மறந்துவிடாமல் இடம் அனுமதிக்கும் மிகப் பெரிய தொட்டியையே கீழே வைப்பது நல்லது.

மேல்தொட்டியிலிருந்து நீர் கீழிறங்கும் முறையை விளங்கிக்கொள்வதற்கு மன்னார் மாவட்டத்து வாசகர் கட்டுக்கரைக் குளத்தை நினைத்துக்கொண்டால் போதும். குளம் நிறைந்ததும் மிகுநீர் வான் வழியே பாய்வதைப்போல, தொட்டியின் பின்சுவரோரம் பொருத்தப்பட்ட கண்ணாடித் தடுப்பின் விளிம்பைத் தாண்டி நீர் வழிந்து, ஒரு சிறு அறைக்குள் விழுந்து, அங்கிருந்து குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப்பசையும் அழுக்குமே முதலில் வழிவதால் மேற்பரப்பு தெளிந்து காற்றைத் தொடுகிறது. பம்பி எவ்வளவு நீரை அனுப்பினாலும் மேல்தொட்டியின் மட்டம் வான் விளிம்பை ஒட்டியே நிற்கிறது. நீராவியாதலால் ஏற்படும் குறைவு முழுவதும் கீழ்த்தொட்டியிலேயே தெரியும்.

பம்பி நின்றதும் நிகழ்வன இரண்டு. முதலாவது, வான் விளிம்புக்கு மேலே தடித்து ஓடிக்கொண்டிருந்த நீர் முழுவதும் கீழே இறங்கிவிடும். நமது எடுத்துக்காட்டில் ஒரு சென்ரிமீற்றர் உயர நீர் 7.2 லீற்றர் ஆகையால் இது பெரிய அளவன்று. இரண்டாவது நிகழ்வே தரையை நனைப்பது. பம்பியிலிருந்து மேலேறும் குழாயின் வாய் நீருக்குள் அமிழ்ந்திருக்குமாயின், பம்பி நின்ற கணமே அதே குழாய் திசை மாறி நீரைக் கீழ்நோக்கி இழுக்கத் தொடங்கும். வளைந்த குழாய் முழுவதும் நீரால் நிறைந்திருக்கும்போது உயர்ந்த மட்டத்து நீர் தானாகவே தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கும் இவ்விளைவே சைபன் எனப்படுவது. வாய் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால் மேல்தொட்டியின் மட்டம் அந்த வாய் வெளிப்படும்வரை இறங்கும். அதாவது 72 லீற்றர் கீழே வரும். 90 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட கீழ்த்தொட்டியில் நீர் 22 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்குமாயின் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் ஏறத்தாழ 65 லீற்றர்தான். மீதி ஏழு லீற்றரும், குழாய்களில் நின்ற நீரும், வீட்டார் உறங்கும் வேளையில் சீமெந்துத் தரையில் பரவும்.

இதற்கான தீர்வு கடையில் வாங்கும் பொருளன்று. மேலேறும் குழாயில், ஓடும் நீர்மட்டத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே, சிறு துளையொன்றை இட்டுவிட்டால், மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று உட்புகுந்து சைபன் அறுபடும். 72 லீற்றருக்குப் பதிலாக ஏழெட்டு லீற்றரே இறங்கும். ஆனால் உப்பும் சுண்ணாம்புப் படிவும் பாசியும் சிறு துளையை எளிதில் அடைத்துவிடும் என்பதால், துளை இரண்டாக இருப்பதும், மாதந்தோறும் ஒரு பல்துலக்கி கொண்டு துடைக்கப்படுவதும், அதற்கும் மேலாகக் குழாய்வாயே மேற்பரப்பை ஒட்டி வைக்கப்படுவதும் நன்று. ஒருவழி வால்வைப் பொருத்தி அதை மட்டும் நம்புவோர் பலர். கடல்நீரில் அதன் மூடிக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு சிறு சிப்பியோ குழாய்ப்புழுவோ குடியேறினால் போதும், அது முழுமையாக மூடாது.

இதற்கு எதிரான விபத்தும் உண்டு. பம்பி ஓடிக்கொண்டிருக்க, இறங்குகுழாய் நத்தையாலோ பாசித்திரளாலோ அடைபட்டால் கீழ்நீர் முழுவதும் மேலே ஏறி வழியும். இதைத் தடுக்கவே கீழ்த்தொட்டி கண்ணாடித் தடுப்புகளால் அறைகளாகப் பிரிக்கப்பட்டு, பம்பி ஒரு சிறிய இறுதி அறையில் வைக்கப்படுகிறது. அந்த அறை 30 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டு, நீர் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்குமாயின், பம்பியால் அனுப்பக்கூடியது 18 லீற்றர் மட்டுமே. மேல்தொட்டியின் விளிம்புவரை எஞ்சியுள்ள 3 சென்ரிமீற்றர் இடமோ 21.6 லீற்றரைக் கொள்ளும். நீர் வழியாது; அறை வற்றிப் பம்பி வெறுமையாகச் சுழலும் ஓசையே எச்சரிக்கையாகிவிடும். இதன் மேல், இறங்குகுழாய்கள் மூன்றாக இருப்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட ஏற்பாடு. முதலாவது குழாய் காற்றே இல்லாமல் முழுவதும் நீரால் நிறைந்து, அதில் பொருத்தப்பட்ட கேற் வால்வினால் அளவுபடுத்தப்பட்டு, ஓசையின்றி நீரை இறக்கும். இரண்டாவதில் அந்த வால்வு ஏற்காத சிறு மிகை மட்டும் சுவரோரம் கசிந்திறங்கும். வாய் சற்று உயரத்தில் அமைந்த மூன்றாவது குழாய் எந்நாளும் வறண்டே கிடக்கும். வெள்ளம் வரும் ஆண்டுக்காகவே ஒரு குளத்துக்கு இரண்டாம் வான் வெட்டிவைப்பதற்கு ஒப்பானது அந்த வறண்ட குழாய். இடமிச்சம் கருதி அதை விலக்குவது தவறு.

பம்பியின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் எண், நீரைச் சிறிதும் மேலேற்றாத நிலையில் அது தள்ளும் அளவாகும். ஒன்றரை மீற்றர் ஏற்றத்தோடு குழாயின் உராய்வும் ஒவ்வொரு எல்போவின் தடையும் சேர்ந்தால் அந்த எண் பெரிதும் குறையும் என்பதால், ஏற்றத்துக்கும் ஓட்டத்துக்குமான வரைபடத்தைப் பார்த்தே பம்பி தெரிவு செய்யப்பட வேண்டும். கீழ்த்தொட்டி வழியாக மணிக்கு 1,800 லீற்றர், அதாவது நீர் முழுவதும் ஏறத்தாழ ஐந்து தடவை சுற்றிவருதல், முதல் தொட்டிக்குத் தாராளமாகப் போதும். செங்குத்தாகத் திரும்பும் ஓர் எல்போவுக்குப் பதிலாக 45 பாகையுடைய இரண்டை இடுவதும், பம்பிக்கு மேலேயும் கீழ்த்தொட்டிக்கு அருகிலும் யூனியன் இணைப்புகளை வைத்து, பசையிட்ட குழாயை அறுக்காமலே கழற்றிக் கழுவ வழிசெய்வதும் பின்னாளில் பெரும் பயன் தருவன. வீட்டுக் குடிநீர்க் குழாய்க்குப் பயன்படும் பித்தளை வால்வுகளை இங்கு நாடலாகாது. அவற்றிலிருந்து கரையும் செம்பு, மீனால் தாங்கக்கூடிய மிகச் சிறிய அளவிலேயே சிப்பியையும் இறாலையும் முருகையையும் கொன்றுவிடும். லொயிட் தம் காலத்திலேயே உலோகத்தைத் தவிர்த்து, கடினப்படுத்திய இறப்பர்க் குழாய்களை நாடியதற்கும் காரணம் இதுவே.

கீழ்த்தொட்டிச் சுற்று ஒட்சிசனுக்காகவும் துப்புரவுக்காகவும் உள்ளது. முருகைக்குத் தேவையான அலையை அதனால் தர இயலாது. அதற்கு மேல்தொட்டியின் சுவரில் காந்தத்தால் பிடித்து நிறுத்தப்படும் சிறு அலைப்பம்பிகள் இரண்டு, ஒன்று மாறி ஒன்றாக இயங்கி, நீரை ஒரே திசையில் ஓடவிடாமல் கலக்க வேண்டும். அவற்றின் திசையைத் தீர்மானிக்கையில், மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பித் திட்டான பெரிய பாரின் வரலாறு நினைவுகூரத் தக்கது. 1891க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறாது போனதற்கான காரணத்தை அறியுமாறு அழைக்கப்பட்டு 1902இல் இலங்கை வந்த பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனும், அவரோடு வந்து தங்கி ஆய்வைத் தொடர்ந்த ஜேம்ஸ் ஹோர்னலும், பெரிய பாரில் மீண்டும் மீண்டும் இளஞ்சிப்பிகள் திரளாக ஒட்டுவதையும், தென்மேற்குப் பருவத்தின் கடற்கொந்தளிப்பில் அவை மீண்டும் மீண்டும் அழிந்துபோவதையும் எடுத்துக்காட்டினர். சிப்பியை வளர்த்த அதே நீர், மணலைச் சுமந்து வந்தபோது அதைப் புதைத்தது. தொட்டியிலும் அலைப்பம்பி கீழ்நோக்கித் திருப்பப்பட்டால் மணல் கிளர்ந்து முருகையின் மெல்லுடலை மூடும். மேற்பரப்பை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் அலையும் எழும், காற்றும் கலக்கும், மணலும் அமைதியாகக் கிடக்கும்.

கடல் வாசலிலேயே இருப்பதால் நீருக்குக் குறைவில்லை என்று மன்னார்த் தீவினர் எண்ணுவது இயல்பு. ஆயினும் தீவுக்குக் கடல் ஒன்றன்று, இரண்டு. வடக்கே ஆழமற்ற பாக்குக் கடலும் தெற்கே ஆழ்ந்த மன்னார் வளைகுடாவும் ஒன்றுக்கொன்று வேறான இயல்புடையவை. இராமேசுவரக் கரையில் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைப்பர். சோளகத்தில் தென்கடல் கொந்தளித்துக் கலங்கும். வாடையில் வடகடல் சேறாகும், அதோடு வங்காள விரிகுடாவின் உவர் குறைந்த நீரும் தெற்கு நோக்கி வரும். மாரிமழையில் அருவியாறு பெருகி அரிப்புக்கு அருகே கலக்கும் நாட்களில் அக்கரையோர நீர் உவர் குறைந்து, வயல் உரங்களின் எச்சத்தையும் சுமந்திருக்கும். ஆகவே அந்தந்தப் பருவத்தில் அமைதியாக உள்ள கடலில், கரையைவிட்டு அகன்று, மழையற்ற வாரத்தில் எடுத்த நீரை, மூடிய தாங்கியில் சில வாரங்கள் இருட்டில் படியவிட்டு, தெளிந்த மேற்பகுதியை மட்டும் நுண்வடிகட்டி வழியே செலுத்தி, ஒளிமுறிவுமானியால் உவர்த்தன்மையை அளந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். மன்னார் உப்பளத்து உப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்க முடியாதா என்ற கேள்வி பலமுறை எழுகிறது. பாத்தியில் நீர் வற்றும்போது கல்சியம் காபனேற்றும் சிப்சமும் முதலிலேயே படிந்துவிடுகின்றன. அடுத்து விளையும் சோடியம் குளோரைட்டு வாரியெடுக்கப்பட, மகனீசியம் நிறைந்த கைப்புநீர் கடைசியில் வெளியேற்றப்படுகிறது. முருகை தன் கல்லைக் கட்டுவதற்குத் தேவைப்படும் பொருள்களே உப்பளத்தில் கழிக்கப்படுவதால் அந்த உப்பு சமையலுக்கு ஏற்றதாகவும் தொட்டிக்கு ஒவ்வாததாகவும் ஆகிறது.

குளிர்நாட்டு நூல்கள் தொட்டிக்குச் சூடேற்றியைப் பரிந்துரைப்பது வழக்கம். இங்கே பகை வெப்பமே. 1998இல் கடல் வழக்கத்தைவிடச் சூடானபோது, முருகையின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறி, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைப் பாறையின் ஆழமற்ற பகுதிகளில் முருகைகள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. கோடைகால உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே இவ்வாறு நேரக்கூடும் என்பதால், ஏப்பிரலின் வெக்கையில் தகரக்கூரை வீட்டில் தொட்டியை 27 பாகையில் வைத்திருப்பதே முதற்பணி. மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே விதியால் ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் 380 லீற்றரை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை குளிர்விக்கப் போதுமானது; மேற்பரப்பை நோக்கி வீசும் சிறு மின்விசிறி சோளகத்தின் வறண்ட காற்றில் வியக்கத்தக்க பயன் தரும். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் அது கைகொடுக்காதபோதுதான் விலை உயர்ந்த குளிரூட்டி தேவையாகும். ஆவியாவது நன்னீர் மட்டுமே. நாளுக்கு 4 லீற்றர் வீதம் ஒரு வாரம் ஈடுசெய்யாது விட்டால் 35ஆக இருந்த உவர்த்தன்மை 38ஐ நெருங்கிவிடும். ஈடுசெய்யும் நீர், சுண்ணாம்பும் உவரும் கலந்த தீவின் கிணற்று நீராக இருத்தலாகாது. சவ்வு வழியே அழுத்திச் சுத்திகரித்த நீரே வேண்டும். அதைத் தானாக ஊற்றும் கருவி, பம்பி அறை வற்றிய விபத்தின்போதும் நீர் குறைந்துவிட்டதென்று மயங்கி ஊற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், குறித்த நேரத்துக்குமேல் ஓடாமல் நிறுத்தும் கட்டுப்பாடு உடையதையே வாங்க வேண்டும்.

சோளக நாட்களில் தென்கரையில் ஒதுங்கும் பழுப்பு நுரை, கடலில் கரைந்துள்ள உயிர்ப்பொருட்கள் காற்றுக்குமிழியின் தோலில் ஒட்டித் திரண்டதால் உண்டாவது. கடைகளில் ஸ்கிம்மர் என்று கேட்டுப் பெறப்படும் நுரைபிரிப்பான் அதே நிகழ்வை ஓர் உயரமான குழாய்க்குள் நடத்தி, கழிவை அது அழுகுமுன்பே கிண்ணத்தில் சேர்க்கிறது; அதோடு நீரில் காற்றையும் கலக்கிறது. அது தப்பவிட்டவற்றிலிருந்து பிறக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றுபவை கல்லின் துளைகளில் குடியேறும் பற்றீரியாக்கள். அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்குமாதலால் அதுவரை உயிரினம் எதுவும் விடலாகாது. அந்தக் கல்லைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும் எண்ணமும் எழலாகாது: கல்முருகைகள் இலங்கையில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும், இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையாலும் காக்கப்படுபவை. சுட்ட மண்ணாலோ சீமெந்தாலோ செய்த துளைக்கற்கள் சில மாதங்களில் அதே பணியைச் செய்யும். மண்டபத்தில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருப்பதால், முதல் தொட்டிக்கு மீனையும் கடலிலிருந்து பிடிக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

இனி மின்சாரம். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரே வேளையில் இருண்டது. தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட 103.5 மெகாவாற்றுத் தம்பபவனிக் காற்றாலைகள் கண்ணெதிரே சுழன்றாலும், அவை தேசிய வலையமைப்போடு இணைந்தே இயங்குவதால், வலையமைப்பு விழும்போது வீட்டுத் தொட்டிக்கு உதவா. எனவே அலைப்பம்பிகளுள் ஒன்று 12 வோல்ற்றில் இயங்குவதாகவும், மின்சாரம் அறுந்த கணமே தானாகப் பற்றரிக்கு மாறுவதாகவும் இருத்தல் வேண்டும். 15 வாற்றுப் பம்பி பதின்மூன்று மணி நேரத்துக்கு எடுப்பது 195 வாற்றுமணி. 50 அம்பியர்மணி கொண்ட ஈயப் பற்றரியில் பாதியை மட்டும் செலவிட்டாலே 300 வாற்றுமணி கிடைக்கும். ஏறுகுழாய்ப் பம்பியும் விளக்கும் குளிரூட்டியும் அந்நேரம் நிற்கட்டும். மேற்பரப்பைப் புரட்டும் அந்த ஒன்று மட்டும் நிற்கக்கூடாது. உப்புநீர் தெறிக்கும் இடத்தில் 230 வோல்ற்று மின்சாரம் இருப்பதால், இணைப்பு முழுவதும் 30 மில்லியம்பியர்க் கசிவிலேயே அறுபடும் ட்ரிப் சுவிச்சின் வழியே வரவேண்டும்; ஒவ்வொரு கம்பியும் செருகியை அடையுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறினால், கம்பி வழியே வடியும் துளி செருகியை எட்டாது தரையில் விழும்.

குழாய்ப்பசை இரண்டு நாள் காய்ந்த பின், கடல்நீர் வருமுன்பே, தொட்டியை நன்னீரால் நிரப்பி ஓடவிட்டு, பகலில், தரையில் பழந்துணி விரித்து, பிரதான ஆளியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். நீர் இறங்கி, சைபன் துளை காற்றை உறிஞ்சும் ஒலி எழுந்து, கீழ்த்தொட்டியின் மட்டம் ஏறி அடங்கியதும் அந்த இடத்தில் கண்ணாடியின்மேல் ஒரு கோடு. பின் பம்பியை மீண்டும் ஓடவிட்டு மட்டம் நிலைபெற்ற இடத்தில் மற்றொரு கோடு. கீழ்க்கோட்டுக்கு மேல் நீர் நிரப்பலாகாது என்று வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவைத்து, முதலாவது இறங்குகுழாயை ஒரு துணியால் அடைத்து, வறண்டு கிடந்த மூன்றாவது குழாய் பேசத் தொடங்குகிறதா என்று கேட்டறிந்த பின்னரே கடலுக்குத் தாங்கி எடுத்துச் செல்லலாம்.